எட்டாங்கட்டைக்கு வந்த விளக்குகள்

புஷ்பாவிடமிருந்து அன்று காலை வணக்கம் வரவில்லை. இரண்டு வருடமாக ஒருநாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பனித்துளி வைத்த ரோஜா, ஆவி பறக்கும் கோப்பை, சிரிக்கும் குழந்தை, எல்லாவற்றின் மேலும் மினுங்கும் எழுத்தில் 'இனிய காலை வணக்கம்'. கவிதை எழுதுகிறவள் என்ற கொழுப்பில் நான் அவற்றை ஒழுங்காகத் திறந்துகூடப் பார்த்ததில்லை. வராமல் போன பிறகுதான், அந்த ரோஜாக்கள் இல்லாமல் எனக்குப் பொழுது சரியாக விடிவதில்லை என்று தெரிந்தது.

பிறகு ஒரு படம் வந்தது. கரிந்த தூண்கள், கரிந்த மண், நடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி மட்டும் ஒன்றும் ஆகாமல். கீழே எழுதியிருந்தாள்: 'அக்கா பயப்படாதீங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். வீடு மட்டும் இல்ல.'

புஷ்பாவை எனக்குத் தந்தது ஒரு சுற்றுலாப் பேருந்து. மலேசியாவிலிருந்து கோயில் பார்க்க வந்த கூட்டத்தோடு கும்பகோணத்தில் ஏறியவள், தலைசுற்றி என் தோளில் சாய்ந்தாள். ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தேன். அவ்வளவுதான். மலாக்காவில், அலோர் காஜா ஊருக்கு வெளியே, எட்டாங்கட்டை என்று சொல்லப்படும் தோட்டத்தில் வீடு. ஊர்ச் சந்தையில் காலைப்பொழுதில் தோசைக் கடை. வறண்ட மாதத்தில் லாலாங் புல்லில் பிடித்த தீ காற்றோடு ஓடிவந்து, அந்தத் தோட்டத்து வீட்டு வரிசையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

நான் போய்த்தான் ஆகவேண்டும் என்று முடிவுசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே பெயர். கையில் என்ன கொண்டுபோவது என்பதில்தான் நேரம் ஆனது. வீடு இழந்தவள் இன்னொரு வீடு கட்டுவாள். புது வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு போகமாட்டோம். நாச்சியார்கோயில் எனக்குக் கூப்பிடு தூரம். இடுப்புயரக் குத்துவிளக்கு ஒன்றை வாங்கினேன். உச்சியில் அன்னம் கழுத்தை வளைத்து, எதையோ மறந்துவிட்டது போலத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பாதம், தண்டு, தட்டு, அன்னம் என்று விளக்கு துண்டு துண்டாக மேசைமேல் கிடந்தது. சீருடைப் பெண் தண்டைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இதால ஒருத்தரை அடிச்சா என்னாகும்னு யோசிச்சீங்களா மேடம்?"

"விளக்கால யாரும்மா அடிப்பாங்க?"

"எங்க மாமியாரை உங்களுக்குத் தெரியாது" என்றாள் சிரிக்காமல், பெட்டியைச் சரக்கோடு போடச் சொல்லிவிட்டு.

அந்தச் சரக்கறையில்தான் அன்னத்தின் மூக்கு வளைந்தது. மலாக்காவிலிருந்து அலோர் காஜா போகும் பேருந்தில் உட்கார்ந்தபடி பெட்டியைத் திறந்து பார்த்தேன். நேராக இருந்த மூக்கு இடதுபுறமாக ஒதுங்கி, யாரையோ கேலி செய்வது போல இருந்தது. அதைத் தடவிக்கொண்டிருந்தபோது மடியிலிருந்த பாதம் நழுவி, பேருந்தின் நடுவழியில் உருண்டு, சாவகாசமாக ஓட்டுநரின் காலடிவரை போய் டங்கென்று படுத்தது. ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பாதத்தைக் கையில் தூக்கிப் பிடித்து மலாயில் ஏதோ கேட்டார். முன்சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் திரும்பி எனக்குச் சொன்னாள்: "பஸ்ஸுலேர்ந்து எது கழண்டுச்சின்னு கேக்கறாரு ஆன்ட்டி."

எங்கள் ஊர்ப் பேருந்தாக இருந்தால் கழன்றதற்கு நிற்கமாட்டார்கள். கழன்றதை மிதித்து ஏறிப் போய்விடுவார்கள். இங்கே சாலை துணி மடித்து வைத்தது போல வழவழவென்று இருக்கிறது. இரு பக்கமும் செம்பனை மரங்கள், பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகளைப் போல ஒரே இடைவெளியில். அவற்றைப் பார்த்துப் பார்த்து என் கால்களுக்குக்கூட வரிசையில் நிற்க ஆசை வந்தது.

அலோர் காஜாவில் புஷ்பாவின் கணவர் மணியம் லாரியோடு காத்திருந்தார். லாரி ஓட்டுவதுதான் அவர் வேலை. பேசுவது வேலையில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?"

"ப்ளேன்ல சாப்பிட்டேன்" என்றேன்.

"அது சாப்பாடா லா" என்று அந்த ஊர்ப் பேச்சின் வாலையும் சேர்த்துச் சொல்லி ரொட்டிக் கடை வாசலில் நிறுத்தினார். ரொட்டி சானாய் வந்தது. மாஸ்டர் மாவை வீசியது, அது காற்றில் முந்தானையாக விரிந்தது, கல்லில் விழுந்தது, மடிந்தது, தட்டில் அறைவாங்கி உதிர்ந்தது, பருப்பில் முங்கியது, இல்லாமல் போனது. ஆற்றி ஆற்றி நுரைத்த தேநீரைக் குடித்தபோது கும்பகோணத்துக் காப்பிக்குத் துரோகம் செய்கிறோமே என்று ஒரு கணம் கூசினேன். அடுத்த கணம் இன்னொரு கோப்பை கேட்டேன்.

தீ திடலோடு நின்றிருந்தது. திடலுக்கு இந்தப் பக்கம் கோயிலும் மண்டபமும் பிழைத்துக்கொண்டன. சாமி காப்பாற்றியது என்றார்கள் சிலர். பந்து விளையாடுகிற பையன்கள் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருந்ததால்தான் என்றார் மணியம், அந்த நாளின் மூன்றாவது வாக்கியமாக. வீடிழந்த குடும்பங்கள் எல்லாம் அந்த மண்டபத்தில்தான் தங்கியிருந்தன. புஷ்பா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். யாரோ கொடுத்த கால்பந்துச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள், முதுகில் பத்து என்ற எண்ணோடு.

நாங்கள் அழத்தான் நினைத்தோம். அதற்குள் என் கண் மண்டபத்தின் மூலைக்குப் போய்விட்டது.

அங்கே குத்துவிளக்குகள் மலையாகக் கிடந்தன. பெரியது, சிறியது, மயில் வைத்தது, கிளி வைத்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது, ரிப்பன் கட்டியது. சாயந்திர வெயில் ஜன்னல் வழியாக வந்து பட்டு, அந்த மூலை முழுக்கத் தங்கக் கடை போல மின்னியது.

"எங்க பித்தளைச் சுரங்கத்தைப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டபடி கையில் ஒரு கரண்டியோடு வந்தவர் லெட்சுமி. மண்டபத்துச் சமையல் அவர் பொறுப்பு. மண்டபத்து வாய் அவருடையது. "புக்கிட் காத்தில்லேர்ந்து ஒரு காடி வரும், கதவைத் தொறந்தா விளக்கு. புக்கிட் பெருவாங்லேர்ந்து வேன் வரும், விளக்கு. வீடு எரிஞ்சவங்களுக்குப் புது வீடு வரப்போவுது, விளக்கு வேணுமேன்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா யோசிச்சிருக்காங்க. நல்ல மனசு லா. எல்லாத்தையும் ஒண்ணா ஏத்தினா ப்ளேன் இங்க வந்து எறங்கிடும்."

"மத்த சாமானெல்லாம்?"

"அரிசி இருக்கு. துணி இருக்கு. கொழம்பு வெக்கச் சட்டி இல்ல. கரண்டி இது ஒண்ணுதான். இதுக்கு வரிசையில நிக்கணும்." அவர் என் பெட்டியைப் பார்த்தார். "நீங்க என்னா கொண்டாந்தீங்க?"

"புத்தகம்" என்றேன். "கவிதை."

பெட்டியைச் சுவரோரம் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அன்னம் ஒருமுறை கிணிங் என்றது. இருமினேன்.

மறுநாள் வியாழன். எரிந்த வரிசையைப் பார்க்கப் போனோம். காலடியில் சாம்பல் மாவு போல மெத்தென்று இருந்தது. கம்பம் எனப்படும் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களும் ஊர்ச் சீனர்களும் மண்வெட்டியோடு வந்து துகள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து உழைக்கும் அந்த வேலைக்கு இங்கே கோத்தோங் ரோயோங் என்று பெயர். பாதி வேலை, பாதி கதை, நடுவில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் காரமும். சாம்பல் மணத்துக்கு நடுவில் எனக்கு அப்படிப் பசித்தது, வெட்கமாகத்தான் இருந்தது.

"இது ஹாலு" என்றாள் புஷ்பா, ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டி. "இது சாமி மேடை. இங்க காலை வெக்காதீங்க அக்கா, இது சமையக்கட்டு." நான் நிஜமாகவே காலை எடுத்துவிட்டேன். சமையற்கட்டு இருந்த இடத்தில் அவளுடைய தள்ளுவண்டியின் இரும்பு எலும்பு கிடந்தது. கடைச் சாமான் எல்லாம் வீட்டில்தான் இருந்திருக்கிறது. கிரைண்டர் உருகி, குழைந்து, ஆறி, எந்த மிருகத்தையும் போலில்லாத ஒரு மிருகமாக நின்றது. நீல வாளியை அவள் நகர்த்தவில்லை. அது எப்படித் தப்பியது என்று பொம்பாக்காரர்களாலேயே சொல்ல முடியவில்லையாம். தீயணைக்கிற அவர்களே அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம்.

அங்கெல்லாம் கலங்காதவள் சந்தையில் கலங்கினாள். அலோர் காஜா சந்தையில் மீன்காரருக்கும் காய்கறிக்காரருக்கும் நடுவில் அவள் கடை போடும் இடம். காய்கறிக்கார ஆ சோங் தன் காலிக் கூடைகளை அங்கே பரப்பி இடத்தைக் காத்துக்கொண்டிருந்தார். புஷ்பாவிடம் மலாயில் சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் கூடையை வெச்சுப் புடிச்சு வெக்கிறேங்கறாரு. அதுக்குள்ள அடுப்பு எரியலன்னா சந்தைக்காரங்க வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

அந்த வேற ஆள் அங்கேயே இருந்தார். அப்பம் பாலிக் சுடுகிறவர். வேர்க்கடலையும் சர்க்கரையும் தூவி மடிக்கிற அந்த அப்பத்தை எனக்கு ஒன்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, கூடைகளுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காதது போலப் பாதத்தால் இடத்தை அளந்தார்.

"வீடு இன்னிக்கோ நாளைக்கோ கட்டிக் குடுத்துருவாங்க அக்கா" என்றாள் புஷ்பா. "கடை எரிஞ்சதை யாரும் கணக்குலயே சேக்கல. இந்த இடம் போச்சுன்னா என்னைத் தேடி வர்றவங்க ரெண்டு நாள் பாப்பாங்க. மூணாம் நாள் அப்பம் பாலிக் தின்னுட்டு வேலைக்குப் போயிருவாங்க."

நான் கையிலிருந்த பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அப்பம் ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மத்தியானம் மண்டபத்தில் திருவிழா. எரிந்துபோன அடையாள அட்டைக்குப் பதில் புதியது எடுக்க ஒரு வேன் வந்திருந்தது. லெட்சுமி முகத்துக்குப் பவுடர் போட்டு, பூ வைத்து, கேமராவை நேராகப் பார்த்து உட்கார்ந்தார். "பழைய ஐசியில பேய் மாதிரி இருப்பேன்" என்று என்னிடம் சொன்னார். "அந்தத் தீ செஞ்ச ஒரே நல்ல காரியம்." இன்னொரு மூலையில் மனநல ஆலோசகராக வந்த இளம்பெண் எல்லோருக்கும் தாளும் வண்ணமும் கொடுத்து, மனதில் இருப்பதை வரையச் சொன்னாள். பலர் வீடு வரைந்தார்கள். லெட்சுமி வட்டமாக ஒன்று வரைந்து உள்ளே மூன்று இதழ் போட்டார். பூவா என்று கேட்டாள் அந்தப் பெண், நம்பிக்கையோடு.

"ஃபேனு" என்றார் லெட்சுமி. "தீயிலேர்ந்து தப்பிச்சு இந்த மண்டபத்து வெக்கையில சாவப் போறேன்."

வெள்ளிக்கிழமை மழை வந்தது. வரவேண்டிய நாளில் வராமல், வந்து ஆகவேண்டியது எதுவும் இல்லாத நாளில். தகரக் கூரையில் அது அடித்த அடியில் யாரும் பேசியது யாருக்கும் கேட்கவில்லை, ஆகையால் எல்லோரும் கத்தினார்கள். லெட்சுமி விளக்கு ஒன்றின் உறையைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு கடையின் சீட்டு. இன்னொன்றில், அதே கடை. மலையை எப்படிப் புரட்டினாலும் அதே கடைதான்: மலாக்கா டவுனில் சாகுல் பாய் பாத்திரக்கடை.

"வந்த எடத்துக்கே கொண்டு போவோம்" என்றார் லெட்சுமி. "விளக்கைக் குடுத்துட்டுச் சட்டி, பானை, அடுப்பு வாங்குவோம். புஷ்பாவுக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள கடைச் சாமான் வேணும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுத்தது யார் என்றால், புஷ்பா.

"விளக்கை வெளிய அனுப்பறதா? வீட்டுக்கு வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பினா, இருக்கறதும் போயிரும் அக்கா."

"இருக்கறது என்னா இருக்கு ஒனக்கு? ஒரு வாளி."

மண்டபம் சிரித்து ஓய்ந்தது. ஆனால் புஷ்பா அசையவில்லை. மற்றவர்கள் முகமும் அவள் பக்கம்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்கள், வேண்டாம் என்று. அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தது. நானும் அந்தத் தயக்கத்தில் வளர்ந்தவள்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடக் கொடுக்கமாட்டோம்.

லெட்சுமி கரண்டியால் தரையைத் தட்டினார். "நல்லா கேட்டுக்குங்க. ஏத்தின விளக்குதான் லட்சுமி. ஏத்தாத விளக்கு பித்தளை. திரி போடல, எண்ணெய் ஊத்தல, லட்சுமி இன்னும் வரவே இல்ல. பித்தளையைத்தான் குடுக்கறோம்."

"யார் சொன்னது?" என்றாள் புஷ்பா.

"நான்தான் சொல்றேன்."

"ஐயரைக் கேட்டுக்கலாமே."

"ஐயர் ஊருக்குப் போயிருக்காரு. அவர் வர்றதுக்குள்ள ஞாயித்துக்கிழமை போயிரும்."

கூட்டம் முணுமுணுத்தது, யோசித்தது, மெல்ல மெல்ல நிம்மதியானது. ஏற்றிய விளக்கு ஏதாவது உண்டா என்று தேடினார்கள். சாமி முன்னால் இருந்த ஒன்று மட்டும். அது இருக்கட்டும் என்று முடிவானது. மற்றதை லாரிக்கு எடுத்துப்போகக் கை சேர்த்தார்கள். அந்தப் பரபரப்பில் வழியில் இருந்த என் பெட்டியை லெட்சுமி தூக்கி நகர்த்தப் பார்த்தார். தூக்க முடியவில்லை. இன்னொரு முறை முயன்றார். உள்ளே கிணிங் என்றது.

"இந்தியா அக்கா" என்றார் நிதானமாக. "கவிதை இவ்வளவு கனமா?"

திறக்கவேண்டியதாயிற்று. அன்னம் வளைந்த மூக்கோடு வெளியே பார்த்ததும் மண்டபமே தரையில் உட்கார்ந்து சிரித்தது. கடல் தாண்டி ஒருத்தி, அதையே, அதையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. புஷ்பா மட்டும் விளக்கை மாட்டி நிறுத்தி, அன்னத்தின் மூக்கை விரலால் தடவினாள்.

"இது போவாது" என்றாள். "பித்தளையோ லட்சுமியோ, இது எங்க அக்கா கொண்டாந்தது. பாய்கிட்ட மூக்கை மட்டும் நிமித்திக்கிட்டு வருவோம்."

சனிக்கிழமை காலை, மணியம் ஓட்ட, புஷ்பாவும் நானும் முன்னால் உட்கார, விளக்குகள் பின்னால் தார்ப்பாயின் கீழ் பஜனை பாட, மலாக்காவுக்குப் புறப்பட்டோம். அன்னம் வைத்த விளக்கு புஷ்பாவின் மடியில். ஒவ்வொரு வளைவிலும் லாரி ஒரு சிறு கோயில் போல மணியடித்தது. இங்கே சாலையைச் சடக்கு என்கிறார்கள். அந்தச் சடக்கு முழுக்க எங்கள் சத்தம்தான்.

சத்தம் போலீஸ்காரருக்கும் கேட்டது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர், மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். புஷ்பா என் காதில் சொன்னாள்: "எந்தக் கோயில்ல எடுத்தீங்கன்னு கேக்கறாரு."

மணியம் விளக்கினார். என் வாழ்வில் நான் கேட்ட அவருடைய மிக நீண்ட உரை அது. தீ, நல்ல மனசுக்காரர்கள், விளக்கு, மேலும் விளக்கு, சட்டி இல்லாமை, எல்லாம். போலீஸ்காரர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார். தன் கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றனவாம், அந்தப் பாய் அவற்றை எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்லும்படி வழியனுப்பினார்.

மலாக்கா டவுனில் சிவப்புக் கட்டிடங்கள், பொம்மையும் பூவும் கட்டி அலறிக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டிகள், ஐஸ்மேல் பனை வெல்லம் ஊற்றித் தரும் செண்டோல். எல்லாவற்றையும் லாரியின் ஜன்னல் வழியாகக் கண்ணால் தின்றேன். சாகுல் பாய் கடை ஒரு சந்தில் இருந்தது. மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம். ராமநாதபுரத்துப் பேச்சு நாக்கில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இறங்கிய விளக்குகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை கொண்டாந்தீங்க. எங்கிட்ட விளக்கே இல்ல. இத்தனை வருஷத்துல தீவாளிக்குக்கூட இப்படி வித்ததில்ல. இன்னும் ஆளு வந்துக்கிட்டே இருக்காங்க, தீ பட்டவங்களுக்குக் குடுக்கணும்னு."

"அவங்ககிட்ட சொல்லக்கூடாதா பாய், சட்டி கரண்டி வாங்குங்கன்னு?" என்றாள் புஷ்பா.

"சொல்லாமலா இருப்பேன்? கரண்டி குடுத்தா நல்லா இருக்காது பாய்ங்கறாங்க. நான் என்ன செய்ய?"

நான் கல்லாவில் சாய்ந்து சிரித்தேன். பாயும் சிரித்தார். பிறகு மளமளவென்று சட்டிகள் இறங்கின, பானைகள் இறங்கின, அடுப்புகள், கரண்டிகள், கரண்டிகள், மேலும் கரண்டிகள். புஷ்பாவுக்கு இரட்டை அடுப்பு கிடைத்தது. பெரிய தோசைக்கல் கிடைத்தது. கிரைண்டரில்தான் வந்து நின்றது. கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கோயம்புத்தூர் சரக்கு, கண்ணாடிக்குப் பின்னால் கல்யாணப்பெண் போல உட்கார்ந்திருந்தது. இறக்கிய விளக்குகள் எல்லாம் மண்டபத்துச் சாமானுக்கே சரியாகப் போய்விட்டிருந்தன.

பாய் புஷ்பாவின் கையிலிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது நாச்சியார்கோயில்தானே? பாத்தாலே தெரியுது. இங்க இருக்கறதெல்லாம் தகரம் மாதிரி. அதைக் குடுத்தா கிரைண்டரை எடுத்துக்குங்க."

"மூக்கை நிமித்தத்தான் கொண்டாந்தோம்" என்றாள் புஷ்பா.

கிரைண்டர் இல்லாமல் மாவு இல்லை. மாவு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவள் விளக்கை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கூடைகள் இருந்தன, பாதத்தால் அளக்கிற மனிதர் இருந்தார், கரிந்த சமையற்கட்டு இருந்தது.

"உன் வீட்டுல விளக்கெரியணும்னுதான் கொண்டுவந்தேன்" என்றேன். "அது மாவரைச்சு எரியட்டுமே."

அவள் விளக்கைக் கல்லாமேல் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. பாய் சுத்தியலைத் தேடப் போனார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்தார். "மூக்கு இப்படியே இருக்கட்டும். அடிபட்டு வந்தாத்தான் ஊர்ச் சரக்குன்னு நம்புவாங்க."

அன்று மத்தியானம் மண்டபத்தில் கிரைண்டர் சுழன்றபோது சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து, தொலைக்காட்சி பார்ப்பது போலப் பார்த்தார்கள். மாவு வெள்ளையாகப் பொங்கிப் பொங்கி மடிந்தது. லெட்சுமி புதுக் கரண்டியால் தொட்டு நக்கி, உப்பு போதும் என்றார். மற்றவர்கள் தங்கள் சட்டிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஏதோ கிடைத்திருந்தது. "எனக்குத்தான் ஃபேனு இல்ல" என்றார் லெட்சுமி, அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டு.

ஞாயிறு விடியும்போது சந்தையில் இருந்தோம். ஆ சோங் தன் கூடைகளைச் சடங்கு போல ஒவ்வொன்றாக எடுத்தார். அப்பம் பாலிக்காரர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கல் முரண்டு பிடித்தது. முதல் தோசை ஒட்டிக்கொண்டது, இரண்டாவது கிழிந்தது. புஷ்பா வெங்காயத்தை வெட்டிக் கல்லைத் தேய்த்தாள், திட்டினாள், எண்ணெய் விட்டாள், கொஞ்சினாள். மூன்றாவது தோசை சலசலவென்று விளிம்பு தூக்கிக்கொண்டு எழுந்து வந்தது. அதை ஆ சோங்குக்குக் கொடுத்தாள். அவர் நின்றபடியே தின்றுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஆட்கள் வந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டுக்கு வந்தவர்கள், "எங்க போயிட்டீங்க" என்று கோபித்துக்கொண்டவர்கள். நான் சட்னி ஊற்றினேன். ஒருவர் கால்மேல்கூட ஊற்றினேன். அப்பம் பாலிக்காரர் கடைசியில் தானும் வரிசையில் வந்து நின்றார். இரண்டு தோசை, கட்டி எடுத்துப்போக.

வெயில் ஏறியபோது ஒரு வேன் வந்து நின்றது. நல்ல சேலை கட்டிய பெண்கள் நாலைந்து பேர் இறங்கி வந்து தோசை கேட்டார்கள். தலைவி போல இருந்தவர் தின்றுகொண்டே சொன்னார்: "நாங்க புக்கிட் பெருவாங். இங்க எட்டாங்கட்டைத் தோட்டம் எந்தப் பக்கம்மா? தீ பட்டவங்களுக்குச் சாமான் கொண்டு போறோம்."

"என்னா சாமான்?" என்று கேட்டார் லெட்சுமி. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது.

"புது வீட்டுக்கு வேணுமில்லையா" என்று சொல்லி அந்த அம்மாள் வேனின் கதவைத் திறந்து ஒரு துணியை விலக்கினார். "பாய் கடையில நெறைய இருந்துச்சி. இதுதான் ஊர்லேர்ந்து வந்ததுன்னாரு. பாருங்க, அன்னம்கூட அடிபட்டிருக்கு, பாவம்."

அன்னம் இடதுபக்க மூக்கோடு எங்களைப் பார்த்தது. லெட்சுமி தேங்காய்மூடியால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்க நான் தோசைக்கல்லைப் பிடிக்கப் போய்ச் சுட்டுக்கொண்டேன். புஷ்பா மட்டும் முந்தானையில் கை துடைத்து, முகத்தில் ஒரு கோணலும் இல்லாமல் சொன்னாள்:

"நாங்க அங்கதாங்க இருக்கோம். குடுங்க. ரொம்ப நல்ல விளக்கு."

வேன் போன பிறகுதான் நாங்கள் சிரித்தோம். மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்ன என்று கேட்டார், ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபோது புஷ்பா விளக்கைக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். சமையல் எண்ணெயை ஊற்றினாள். தன் முந்தானை நூலைத் திரித்துத் திரி போட்டாள். அடுப்பிலிருந்தே நெருப்பெடுத்து ஏற்றினாள். பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியவே இல்லை. அதன் மேலே காற்று மட்டும் நெளிந்தது. அந்த நெளிவின் வழியாகச் சந்தை முழுக்கக் கொஞ்சம் ஆடியது.

கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு கூந்தலிலிருந்து ஒரு பூவை எடுத்துச் சுடரை அமர்த்தினாள். எண்ணெயை வடித்து, விளக்கைத் துடைத்து, என் பெட்டியருகே கொண்டுவந்து வைத்தாள். மத்தியானம் மலாக்காவில் எனக்கு விமான நிலையத்துக்கு வண்டி.

"போற வழியில பாய் கடையில குடுத்துருங்க அக்கா. ஒரு ஃபேனு கேளுங்க. பெருசா. மணியம் சாயந்திரம் போய் எடுத்துக்குவாரு."

லெட்சுமியின் கை மறுபடியும் நின்றது. "அடி, ஏத்திட்டியே. ஏத்தின விளக்கைக் குடுக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல."

"லட்சுமி எத்தனை நாளைக்கு ஒரே வீட்டுல குந்தியிருப்பா? நடக்கட்டும். உங்களுக்கு ஃபேனு வேணுமா வேணாமா?"

லெட்சுமி யோசித்தார். தேங்காயைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், நெற்றி வியர்வையை வழித்தார்.

"நிக்கிற ஃபேனா கேளுங்க" என்றார் என்னிடம். "தலை திருப்பற மாதிரி."

மலாக்கா பேருந்தில் இந்தமுறை பாதத்தை உருளவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செம்பனைகள் வரிசையாகப் பின்னால் போயின. கைப்பேசி அதிர்ந்தது. அன்று பரபரப்பில் மறந்திருந்த காலை வணக்கம், மத்தியானத்தில் வந்திருந்தது: பனித்துளி வைத்த ஒரு ரோஜா. முதல்முறையாகத் திறந்து, பெரிதாக்கிப் பார்த்தேன். என் மடியில் பித்தளை இன்னும் சூடாக இருந்தது.